ஆட்டிசம்: காரணத்தைத் தேடுவோம், குற்றவாளியைத் தேட வேண்டாம்

இரண்டு வயது ஆகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. பொம்மைக் காரை ஓட்டி விளையாடாமல் அதன் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மற்ற பிள்ளைகளோடு சேர்வதில்லை. பெற்றோர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு 'ஆட்டிசம்' என்கிறார். தமிழில் மதியிறுக்கம் என்றும் இதைச் சொல்கிறார்கள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "ஏன்?" வீட்டுக்குத் திரும்பியதும் உறவுக்காரர்கள் கேட்கும் கேள்வி, "யாரால்?"

இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். ஆனால் ஒன்றல்ல. முதல் கேள்விக்கு விஞ்ஞானம் பதில் தேடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் அந்தக் குழந்தையின் தாய்தான் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "மாசமா இருக்கும்போது மாத்திரை சாப்பிட்டாளே..." "ஆபரேஷன் பண்ணித்தானே எடுத்தாங்க..." "வேலைக்குப் போறேன்னு பிள்ளையக் கவனிக்கல..." "செல்போனைக் கையில கொடுத்துப் பழக்கிட்டா..." "ஊசி போட்டதுல இருந்துதான் இப்படி ஆச்சு..."

இவற்றில் எது உண்மை? எது பொய்? பிறப்பதற்கு முன், பிறக்கும்போது, பிறந்த பின் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு விசித்திரமான விஷயம் தெரிய வருகிறது. விஞ்ஞானம் எந்தக் கட்டத்தில் அதிகமான ஆதாரங்களைக் காட்டுகிறதோ, அங்கே யாரும் பழி சொல்வதில்லை. எந்தக் கட்டத்தில் ஆதாரமே இல்லையோ, அங்கேதான் பழி மலை போலக் குவிந்து கிடக்கிறது!

'ஆபத்துக் காரணி' என்றால் என்ன?

முதலில் இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். மருத்துவர்கள் 'ஆபத்துக் காரணி' என்று சொல்வது, ஒரு நிலை ஏற்படும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாகக் காணப்படும் சூழலை. அது 'காரணம்' ஆகிவிடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நூற்றில் ஒரு குழந்தைக்கு வரக்கூடிய ஒன்று, ஏதோ ஒரு சூழலில் நூற்றில் இரண்டு குழந்தைகளுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செய்தித்தாளில் "ஆபத்து இரண்டு மடங்கு!" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அதே சூழலில் பிறந்த மற்ற 98 குழந்தைகளுக்கு அது வரவில்லை என்பதும் உண்மைதானே? அந்த 98 குழந்தைகளைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி எழுதுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்றினால் மற்றது வந்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் பின்னால் மூன்றாவதாக ஏதோ ஒன்று இருக்கலாம். ஆட்டிசம் ஆராய்ச்சியில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

பழியின் வரலாறு

ஆட்டிசம் என்ற நிலையை 1943-ல் விரிவாக விவரித்தவர் லியோ கேனர். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவர். 11 குழந்தைகளைப் பற்றிய அந்தக் கட்டுரையில், இது பிறவியிலேயே இருப்பது என்றுதான் அவர் எழுதினார். ஆனால் சில ஆண்டுகளிலேயே அவருடைய பார்வை பெற்றோர் பக்கம் திரும்பியது. இந்தக் குழந்தைகளின் பெற்றோர் பாசம் காட்டாதவர்கள், உணர்ச்சி உறைந்துபோனவர்கள் என்று எழுதத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் 'ரெஃப்ரிஜிரேட்டர் மதர்' என்ற கொடுமையான பட்டம். அதாவது குளிர்பதனப் பெட்டி போன்ற தாய்!

இந்தக் கருத்தை ஊரெல்லாம் பரப்பியவர் சிகாகோவைச் சேர்ந்த புருனோ பெட்டல்ஹைம். நாஜிகளின் வதை முகாமில் அடைபட்டிருந்தவர் அவர். முகாமில் கைதிகள் தங்களுக்குள் ஒடுங்கிப் போனதையும் இந்தக் குழந்தைகள் ஒடுங்கியிருப்பதையும் ஒப்பிட்டு 1967-ல் புத்தகமே எழுதினார். அந்த ஒப்பீட்டில் முகாம் காவலாளியின் இடத்தில் நிற்பது யார்? தாய்! ஒரு தலைமுறைத் தாய்மார்கள் தங்கள் பிள்ளையின் நிலைக்குத் தாங்களே காரணம் என்று நம்பி உள்ளுக்குள் அழுதுகொண்டே வாழ்ந்தார்கள்.

இதை எதிர்த்து 1964-லேயே எழுதியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியல் படித்தவர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையும்கூட. இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்பு சம்பந்தப்பட்டதல்ல என்று அவர் வாதாடினார். 1969-ல் பெற்றோர் சங்கக் கூட்டம் ஒன்றில் கேனரே மேடையேறி, பெற்றோர்களை அந்தப் பழியிலிருந்து விடுவிப்பதாகச் சொன்னார்.

1977-ல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் பிரிட்டனில் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. ஒரே வீடு, ஒரே தாய், ஒரே வளர்ப்பு... ஆனாலும் இந்த வித்தியாசம்! மரபணுவைப் பற்றிய பேச்சு அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

பிறப்பதற்கு முன்

இன்று தெரிந்தவரையில் மிகக் கனமான காரணி மரபணுதான். டென்மார்க், ஸ்வீடன், ஃபின்லாந்து, இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் பிறந்த 20 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வு, மக்களிடையே ஆட்டிசத்தில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 80 சதவீதத்துக்கு மரபணு வேறுபாடுகளே காரணம் என்று மதிப்பிட்டது. மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தால், அடுத்த குழந்தைக்கும் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன.

மரபணு என்றதும் "எந்தப் பக்கத்து ரத்தம்?" என்று சண்டை போட வேண்டியதில்லை. பல மரபணுக்களில் உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்து இது நேரலாம். சில சமயம் தாயிடமும் இல்லாத, தந்தையிடமும் இல்லாத புதிய மாற்றம் கருவில் உண்டாகலாம். யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதல்ல.

அடுத்தது பெற்றோரின் வயது. இங்கே ஒரு வேடிக்கை! தாயின் வயதைப் பற்றிப் பேசும் உலகம் தந்தையின் வயதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஐந்து நாடுகளில் 57 லட்சம் குழந்தைகளை வைத்து நடந்த ஒரு ஆய்வில், இருபதுகளில் உள்ள தந்தையரோடு ஒப்பிட்டால் நாற்பதுகளில் உள்ள தந்தையருக்குப் பிறந்தவர்களிடம் ஆட்டிசம் 28 சதவீதம் அதிகமாகவும், ஐம்பதைத் தாண்டிய தந்தையருக்குப் பிறந்தவர்களிடம் 66 சதவீதம் அதிகமாகவும் காணப்பட்டது. நாற்பதுகளில் உள்ள தாய்மாருக்கு அந்தக் கணக்கு 15 சதவீதம். தந்தையின் வயது ஏற ஏற விந்தணுவில் புதிய மாற்றங்கள் ஆண்டுக்குச் சுமார் இரண்டு வீதம் கூடுகின்றன என்று ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் கண்டறிந்தார்கள். எந்த வீட்டிலாவது "மாப்பிள்ளைக்கு வயசாயிடுச்சே, அதனாலதான்" என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

மூன்றாவது, கர்ப்பத்தின்போது வரும் தொற்று. இதில் தெளிவான உதாரணம் ரூபெல்லா எனப்படும் ஜெர்மன் தட்டம்மை. 1964-65-ல் அமெரிக்காவில் அது பெரும் கொள்ளைநோயாகப் பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் கண், காது, இதயக் குறைபாடுகளோடு பிறந்தார்கள். அவர்களில் 243 குழந்தைகளை நியூயார்க்கில் தொடர்ந்து கவனித்த ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவர், 18 பேருக்கு முழுமையாகவோ பகுதியாகவோ ஆட்டிசம் இருப்பதாக 1971-ல் எழுதினார். அந்தக் காலக் கணக்கில் அது மிகப் பெரிய எண்ணிக்கை.

நான்காவது, சில மருந்துகள். வலிப்பு நோய்க்குக் கொடுக்கப்படும் வால்ப்ரோயேட் மருந்தை எடுத்துக்கொண்ட தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 4.4 பேருக்கும், மற்ற குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 1.5 பேருக்கும் ஆட்டிசம் இருந்ததாக 2013-ல் வெளியான டென்மார்க் ஆய்வு சொன்னது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. கர்ப்பத்தில் வலிப்பு வந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து. குழந்தை பெற நினைக்கும்போதே மருத்துவரிடம் பேசி வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று பார்ப்பதுதான் வழி.

கர்ப்பகால நீரிழிவு போன்றவற்றுக்கும் ஓரளவு தொடர்பு காணப்பட்டிருக்கிறது. நல்ல செய்தியும் ஒன்று உண்டு. நார்வேயில் 85,000-க்கும் அதிகமான குழந்தைகளைக் கவனித்த ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஃபோலிக் ஆசிட் எடுத்துக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் கடுமையான ஆட்டிசம் குறைவாகக் காணப்பட்டது. நம் ஊர் சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கும் சத்து மாத்திரையில் இருப்பதுதான் அந்த ஃபோலிக் ஆசிட்!

பிறக்கும் நேரத்தில்

பிரசவத்தோடு தொடர்புடைய 60-க்கும் அதிகமான காரணிகளைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2011-ல் ஒரு கட்டுரை வெளியானது. எடை குறைவு, தொப்புள்கொடிச் சிக்கல், குழந்தைக்கு மூச்சுத் திணறல் போன்றவற்றுக்குத் தொடர்பு இருப்பதாகத் தெரிந்தது. ஆனால் எந்த ஒன்றையும் தனியாக எடுத்து 'இதுதான் காரணம்' என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்திருந்தார்கள். மயக்க மருந்துக்கும், 'ஆயுதம் போட்டு' எடுப்பதற்கும் தொடர்பே காணப்படவில்லை.

குறைமாதப் பிரசவம்தான் இதில் முக்கியமானது. ஸ்வீடனில் 40 லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பற்றிய ஆய்வில், 28 வாரம் முடிவதற்கு முன் பிறந்தவர்களில் 6.1 சதவீதம் பேருக்கு ஆட்டிசம் இருந்தது. 39 முதல் 41 வாரத்தில் பிறந்தவர்களில் அது 1.4 சதவீதம். வித்தியாசம் பெரியதுதான். ஆனாலும் அத்தனை சீக்கிரம் பிறந்தவர்களிலும் நூற்றில் 94 பேருக்கு ஆட்டிசம் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

சரி, சிசேரியன்? தமிழ்நாட்டுக்கு இது முக்கியமான கேள்வி. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இங்கே நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஸ்வீடனில் 27 லட்சம் குழந்தைகளைப் பார்த்து 2015-ல் வெளியான ஆய்வில், சிசேரியனில் பிறந்தவர்களிடம் ஆட்டிசம் சற்று அதிகமாகத் தெரிந்தது. அதோடு நின்றிருந்தால் கோடிக்கணக்கான தாய்மார்களின் தூக்கம் போயிருக்கும். ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு படி மேலே போனார்கள். ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில் ஒருவர் சிசேரியனிலும் இன்னொருவர் சுகப்பிரசவத்திலும் பிறந்திருந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். வித்தியாசம் மறைந்துவிட்டது! அதாவது கத்தி காரணமல்ல. அந்தக் குடும்பத்துக்குள் ஏற்கெனவே இருந்த வேறு ஏதோ ஒன்றுதான்.

பிரசவம் சிக்கலானதால் ஆட்டிசம் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கருவிலேயே வளர்ச்சி மாறுபட்டிருந்ததால்கூடப் பிரசவம் சிக்கலாகியிருக்கலாம் அல்லவா?

பிறந்த பிறகு

இந்தப் பகுதியில்தான் ஆதாரம் மிகக் குறைவு. பழி மிக அதிகம்.

1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியின் மீது சந்தேகத்தைக் கிளப்பியது. பிறகு பத்திரிகையாளர் பிரையன் டீர் தோண்டித் துருவியதில் மோசடி வெளியானது. 2010-ல் அந்தக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு வேக்ஃபீல்டின் மருத்துவப் பதிவும் ரத்தானது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை என்று தெரிந்தது. ஜப்பானில் 1993-லேயே எம்.எம்.ஆர். நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் யோகோஹாமா நகரில் ஆட்டிசம் குறையவில்லை, கூடத்தான் செய்தது!

பின் ஏன் இத்தனை பெற்றோர் "ஊசி போட்ட பிறகுதான்" என்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒன்றரை வயதை ஒட்டித்தான் அந்த ஊசி போடுகிறார்கள். பேச்சு வரவில்லை, திரும்பிப் பார்ப்பதில்லை என்பது கண்ணுக்குத் தெரிவதும் அந்த வயதில்தான். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன, அவ்வளவே. இறந்துபோன குழந்தைகளின் மூளையை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஒரு ஆய்வில், ஆட்டிசம் இருந்த 11 பேரில் 10 பேரின் மூளைப் புறணியில் செல்கள் ஒழுங்கில்லாமல் அமைந்த திட்டுகள் காணப்பட்டன. அந்த அடுக்குகள் உருவாவது தாயின் வயிற்றில் இருக்கும்போது. அப்போது ஊசியும் இல்லை, செல்போனும் இல்லை, வேலைக்குப் போகும் அம்மாவும் இல்லை.

செல்போன் பற்றியும் சொல்லியாக வேண்டும். சின்னக் குழந்தைக்கு மணிக்கணக்கில் திரையைக் காட்டுவது நல்லதல்ல. பேச்சு பழகும் நேரத்தை அது தின்றுவிடும். ஆனால் ஆட்டிசத்தை உண்டாக்கியது செல்போன்தான் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. மனித முகத்தைவிடச் சுழலும் வண்ணங்கள் பிடித்திருப்பதால் அந்தக் குழந்தை திரையை நாடியிருக்கலாம். 1943-ல் கேனர் பார்த்த 11 குழந்தைகளிடம் செல்போனா இருந்தது?

தவறான பழியின் விலை

பழி சொல்வதால் ஒரு தாயின் மனம் புண்படுகிறது, அதோடு முடிந்தது என்று நினைத்தால் அது தவறு. விலை அதைவிடப் பெரியது.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் இந்தியாவில் தொடங்கியபோது முதல் கட்டத்தில் இருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் போடத் திட்டம். ஆனால் வாட்ஸ்அப் வதந்திகளைப் பார்த்துப் பயந்து பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமின் நாட்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பெரிய முரண்பாடு இதில்தான் இருக்கிறது. கர்ப்பத்தில் ரூபெல்லா வருவது ஆட்டிசத்துக்கு உறுதியாகத் தெரிந்த காரணிகளில் ஒன்று. அதைத் தடுக்கும் ஊசியையே ஆட்டிசத்துக்குப் பயந்து வேண்டாம் என்கிறார்கள்! இன்று ஊசி போடாத ஒரு சிறுமி நாளை தாயாகும்போது அந்த ஆபத்தைச் சுமக்கிறாள்.

2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் டிரம்ப், கர்ப்பிணிகள் பாராசிட்டமால் சாப்பிட வேண்டாம், அதற்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்று அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டே ஸ்வீடனில் 24 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளை வைத்து ஆய்வு வெளியாகியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தபோது மிகச் சிறிய வித்தியாசம் தெரிந்தது; உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டபோது அதுவும் மறைந்துவிட்டது. சிசேரியனில் பார்த்த அதே கதை! தொடர்பை உறுதிசெய்யும் ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. ஆனால் அறிவிப்பைக் கேட்ட ஒரு கர்ப்பிணி கடும் காய்ச்சலை மாத்திரை இல்லாமல் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டால்? அந்தக் காய்ச்சலே குழந்தைக்குக் கெடுதல்.

என்ன செய்யலாம்?

அப்படியானால் காரணிகளைப் பற்றிப் பேசவே கூடாதா? பேச வேண்டும். மாற்றக்கூடியவற்றை மாற்றுவதற்காகப் பேச வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு ரூபெல்லா தடுப்பூசி, கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் ஆசிட், வலிப்பு மருந்து பற்றி முன்கூட்டியே ஆலோசனை, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, குறைமாதப் பிரசவத்தைத் தவிர்க்க ஒழுங்கான பரிசோதனை... இவை எல்லாம் கையில் இருப்பவை. இவற்றைச் செய்யும் பொறுப்பும் தாய்க்கு மட்டும் அல்ல. குடும்பத்துக்கும் அரசுக்கும் உண்டு.

ஒரு குழந்தை பிறந்து, ஆட்டிசம் என்றும் தெரிந்துவிட்ட பிறகு "யாரால்?" என்ற கேள்விக்கு ஒரு பயனும் இல்லை. எத்தனை குடும்பங்கள் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே ஆண்டுகளைத் தொலைக்கின்றன! கோயில் கோயிலாக, டாக்டர் டாக்டராக அலைந்து, 'முழுவதும் குணமாக்குகிறோம்' என்பவர்களிடம் பணத்தைக் கொட்டி, பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிப் பயிற்சியும் தொடங்க வேண்டிய வயதைத் தாண்ட விட்டுவிடுகிறார்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்க்கப்பட்டுள்ளது. மாவட்டங்களில் ஆரம்பகாலத் தலையீட்டு மையங்கள் இருக்கின்றன. அந்தக் கதவுகளை முதலில் தட்ட வேண்டும்.

அந்தக் குழந்தையும் வளர்ந்து ஒருநாள் கேட்கும். தன்னைச் சுற்றி இருந்தவர்கள் "யார் செய்த தப்பு இது?" என்று பேசிக்கொண்டிருந்தார்கள் என்றால், தானே ஒரு தப்பு என்றுதான் அது புரிந்துகொள்ளும். அது யாருடைய தப்பும் அல்ல. அது ஒரு குழந்தை.

அடுத்த முறை ஏதாவது வீட்டு விசேஷத்தில், கைகளை உதறிக்கொண்டே ஓரமாக நிற்கும் ஒரு பிள்ளையைப் பார்த்தால், அதன் அம்மாவிடம் "மாசமா இருந்தப்போ என்னம்மா சாப்பிட்ட?" என்று கேட்க வேண்டாம். "நீ சாப்பிட்டியாம்மா? போய்ச் சாப்பிட்டு வா, அதுவரைக்கும் பிள்ளையப் பாத்துக்கிறேன்" என்று சொன்னால் போதும்.